திரண்ட ஒரு துளி

லெப்பில் சேர்ந்து மூன்று மாதம். மட்டக்களப்பில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நாளென்றால் எங்களுக்கு வி.டி.ஆர்.எல். நாள். சிபிலிஸ் என்ற பாலியல் நோயைத் தேடும் இரத்தப் பரிசோதனை அது. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 56 பாகையில் அரை மணி நேரம் சூடாக்கி, தட்டில் ஒரு துளி விட்டு, அன்டிஜன் சேர்த்து நாலு நிமிடம் சுழற்றுவோம். நுணுக்குக்காட்டியில் துணுக்குத் துணுக்காகத் திரண்டிருந்தால் பொசிட்டிவ்.

அன்று ஒன்று திரண்டிருந்தது. படுவான்கரைப் பிள்ளை, தலைப்பிரசவம், புருசன் கட்டாருக்குப் போய் இரண்டு மாதம். குடும்பநல மிஸ் வாசலில் நின்றே கேட்டா: "இது 99 வீதம் சரியான ரெஸ்ட்தானே தங்கச்சி? அப்ப இவளுக்குச் சிபிலிஸ் 99 வீதம் இருக்கு?"

நானும் ஓமென்று தலையாட்டினேன். இன்றும் உறுத்துகிறது.

கேட்டுக்கொண்டிருந்த மூத்த சேர் ஒரு பழைய படிவத்தைத் திருப்பிப் போட்டார். "10,000 தாய்மார் என்று வையுங்கோ. நோய் உள்ளவர்கள் 5 பேர். அந்த 5 பேரையும் ரெஸ்ட் பிடிக்குது, சரி. மற்ற 9,995 பேரில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால்?" ஏறத்தாழ 100. திரண்ட தட்டுகள் 105, உண்மை 5. நூற்றுக்கு 5கூட இல்லை! எண்கள் கணக்குக்காக எடுத்தவைதான். ஆனால் கர்ப்பிணிகளிடம் இந்த நோய் இங்கே அரிது. தாயிடமிருந்து சேய்க்கு அது தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது.

அதே தட்டு பாலியல் நோய்க் கிளினிக்கிலிருந்து வந்திருந்தால்? அங்கே 1,000 பேரில் 200 பேருக்கு நோய் என்று வைத்தால், பிழையாகத் திரள்வது 8. அப்போது 208இல் 200 உண்மை. ரெஸ்ட் மாறவில்லை, வரிசையில் நிற்பவர்கள்தான் வேறு.

"அப்ப திரும்பவும் வி.டி.ஆர்.எல். செய்து பார்ப்பமா சேர்?" என்றேன். சிரித்தார். அது கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைப் பிடிக்கிறது. கர்ப்பமே சிலரில் அதைக் கிளப்பிவிடும், லூபஸ் என்ற நோயும்தான். பத்துத் தரம் செய்தாலும் அதே காரணத்துக்காக அதே பிழை வரும். வேறு காரணத்தால் பிழைக்கிற ரெஸ்ட் வேண்டும். அதற்குத்தான் கிருமிக்கே எதிரானதைத் தேடும் டி.பி.பி.ஏ.

மாதிரி போனது. முடிவு வரும்வரை மிஸ் என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை, நானும் ஏனென்று கேட்கவில்லை. நெகட்டிவ் என்று வந்த அன்று கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்தா. "மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைப் பாராதைங்கோ" என்று சொல்லிவிட்டு, படுவான்கரைப் பக்கம் ஸ்கூட்டியைத் திருப்பினா.