டெல்லியில் போடும் கையெழுத்தும் மாநிலச் சட்டமும்: பிரிவு 253-ஐ மெயின்ஸுக்குப் படித்த விதம்

டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கி, யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸைத் தமிழில் எழுதியவள் நான். இப்போது அங்கே படிக்கும் தம்பி தங்கைகள் ஜிஎஸ் (பொதுப் பாடம்) இரண்டாம் தாளுக்கான விடைகளை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். பன்னாட்டு ஒப்பந்தங்கள் மாநிலங்களின் சட்டமியற்றும் அதிகாரத்தை எப்படிப் பாதிக்கின்றன என்ற பகுதியை மட்டும் பெரும்பாலோர் "பிரிவு 253-இன்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம்" என்ற ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற இடம் தரும் அரசியல் சட்டப் பிரிவு அது. கூட்டாட்சி, வெளியுறவு இரண்டும் இதே தாளில்தான் வருகின்றன. இந்த ஒரு பகுதியை ஒழுங்காகப் படித்தால் இரண்டுக்கும் கை கொடுக்கும்.

ஒப்பந்தம் போடுவது, அதை நிறைவேற்றுவது என்று முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போடுவது மத்திய நிர்வாகத்தின் வேலை. பிரிவு 73-உம் மத்தியப் பட்டியலின் 14-ஆம் இனமும் அதற்கு ஆதாரம். இதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல்கூட நம் நாட்டில் கட்டாயமில்லை. ஆனால் குடிமக்களின் உரிமையையோ நடப்பில் உள்ள சட்டத்தையோ மாற்ற வேண்டுமென்றால் தனியாகச் சட்டம் வேண்டும். கட்ச் எல்லை தொடர்பான மகன்பாய் படேல் வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஆகவே கையெழுத்து விழுந்ததாலேயே ஒரு மாநிலச் சட்டம் செத்துவிடாது. நாடாளுமன்றம் 253-ஐக் கையில் எடுக்கும்போதுதான் மாநிலத்தின் இடம் சுருங்குகிறது. இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து 253-ஐ, மாநிலப் பட்டியலுக்குள் நாடாளுமன்றம் நுழைய வழிதரும் அதன் அண்டைப் பிரிவுகளோடு சேர்த்துப் படியுங்கள். 249-க்கு மாநிலங்களவையில் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 252-க்கு குறைந்தது இரண்டு மாநிலச் சட்டமன்றங்களின் தீர்மானம் வேண்டும். 253-க்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் வேண்டாம். ஒப்பந்தம்கூடத் தேவையில்லை, ஒரு பன்னாட்டு மாநாட்டில் எடுத்த முடிவே போதும். என் கருத்தில், அதிகாரங்களை மத்திய, மாநில, பொதுப் பட்டியல்களாகப் பிரிக்கும் ஏழாவது அட்டவணை போட்ட வேலியில் இருப்பதிலேயே பெரிய திறப்பு இதுதான். ஆனால் இந்தப் பிரிவு தாண்டிச் செல்வது அதிகாரப் பங்கீட்டை மட்டுமே. அடிப்படை உரிமைகளை அது தொட முடியாது.

உதாரணத்துக்கு நான் பிடித்துக்கொண்டது நீரும் காற்றும். தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆம் இனம். அதனால் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 252-இன் வழியாக, மாநிலங்களின் தீர்மானங்களுக்குப் பிறகு வந்தது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமோ, 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டின் முடிவுகளைச் சுட்டிக்காட்டி 253-இன் வழியாக வந்தது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதே வழிதான். ஒரே வகைச் சிக்கல், சில ஆண்டு இடைவெளி. முதல் முறை மாநிலங்களைக் கேட்டார்கள், அடுத்த முறை கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்த ஜோடியை எழுதினால் நீங்கள் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்யாமல் விஷயத்தைப் புரிந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று வேண்டுமென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணம் மாநிலப் பட்டியலின் 9-ஆம் இனம். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையை நிறைவேற்றவே வந்தது. உள்ளடக்கத்தில் நல்ல சட்டம், சந்தேகமில்லை. நல்ல சட்டமும் மாநிலத்தின் களத்துக்குள் நுழைந்துதான் வருகிறது என்பதை எழுதத் தயங்க வேண்டாம்.

கச்சத்தீவைத் தொடாமல் தமிழ் மாணவர்கள் இந்தத் தலைப்பைக் கடப்பதில்லை. கரோல் பாக் டீக்கடையில் ராமநாதபுரத்துத் தோழி ஒருத்தியோடு இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். அவள் மீனவர் குடும்பம். அவள் கோபம் நியாயமானது. விடைத்தாளில் அந்த நியாயத்தைச் சட்டத்தின் வழியாகச் சொல்லுங்கள். மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது, ஒன்பதாவது திருத்தம் வந்தது. வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015-இல் நூறாவது திருத்தம் வந்தது. 1974, 1976 இலங்கை ஒப்பந்தங்களுக்கு அப்படி எந்தத் திருத்தமும் இல்லை. கச்சத்தீவில் நடந்தது நிலத்தை விட்டுக்கொடுத்தது அல்ல, தகராறில் இருந்த எல்லையை வரையறுத்ததுதான் என்பது மத்திய அரசின் வாதம். இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டு, மீன்பிடித் தொழிலோடு இவ்வளவு நெருக்கமான ஒரு முடிவில் மாநிலத்தைக் கலந்துகொள்ள நடைமுறையே இல்லை என்ற உங்கள் மதிப்பீட்டைச் சொல்லுங்கள்.

மேற்கு வங்கம் வழியாக வங்கதேசத்துக்குப் பாயும் தீஸ்தா ஆற்றை இதற்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா போனபோது, மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி உடன் போக மறுத்தார். தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. சட்டத்தில் மத்திய அரசுக்குத் தடை இல்லை, அரசியலில் இருந்தது.

நீதிமன்றத்தின் பங்குக்கு 1997-ஆம் ஆண்டின் விசாகா வழக்கு ஒன்று போதும்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்குத் தனிச் சட்டம் இல்லாதபோது, பன்னாட்டு உடன்படிக்கையைத் துணைக்கொண்டு உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த வழக்கு அது. வெளிநாட்டு ஒப்பீட்டுக்கு நான் வைத்திருந்தது கனடா: 1937-இல், அப்போது கனடாவுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், கூட்டாட்சி அரசு ஒப்பந்தம் போடலாம், ஆனால் மாகாணத்தின் பொருளில் அதற்காகச் சட்டம் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. நம்முடைய 253-க்கு நேர் எதிர். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு 250 சொற்கள்தான். பிரிவுகளை விளக்குவதில் பாதியைச் செலவழித்துவிட்டால் காற்றுச் சட்டத்துக்கு இடம் இருக்காது, அதனால் 73, 253 இரண்டையும் நான்கு வரிக்குள் அடக்கப் பழகுங்கள். முடிவுரைக்கு, மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையத்தின் 2010 அறிக்கை இருக்கிறது: ஒப்பந்தம் போடும் நடைமுறையை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும், மாநிலப் பட்டியலைத் தொடும் ஒப்பந்தங்களில் மாநிலங்களுக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை அப்படியே ஒப்பிக்காமல், மாநிலங்களுக்கு இடையிலான மன்றத்தில், பிரிவு 263-இன் கீழ், இந்தக் கலந்தாலோசனையை எப்படி நடத்தலாம் என்று உங்கள் யோசனையாக இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.