மாற்று இதயத்துக்குச் செய்தி தாமதமாகத்தான் போகிறது

இதய மாற்று அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆனவர் மாடி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறும் முன் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் நாடி 95. எட்டாவது படியில் தொடை கெஞ்சுகிறது, மூச்சு வாங்குகிறது, நாடி 99தான். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆனபிறகு பார்த்தால் 118! உழைக்கும்போது ஏறாத நாடி உட்கார்ந்தபின் ஏறுகிறதே என்று வீட்டார் பதறிவிடுவார்கள். பதற வேண்டாம். நரம்பு அறுபட்ட இதயம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

கொடையாளரின் உடலிலிருந்து இதயத்தை எடுக்கும்போது அதற்கு வரும் நரம்புகள் எல்லாம் அறுபடுகின்றன. ரத்தக்குழாய்களைத் தைக்க முடியும், நரம்புகளைத் தைக்க முடியாது. நாடியை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடி இல்லாததால் சும்மா இருக்கும்போதே நாடி 90 முதல் 110 வரை ஓடும். வேகத்தைக் கூட்டும் நரம்பும் இல்லை. அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்தால்தான் இதயம் வேகமெடுக்கும். அதற்குச் சில நிமிடம் ஆகும். வேலை நின்றபிறகும் அந்த ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும், அதனால்தான் இறங்கவும் நேரமாகிறது.

பழைய அறுவை முறையில் நோயாளியின் சொந்த மேலறைகளின் பின்சுவரை விட்டுவைத்து, அதோடு புது இதயத்தைத் தைப்பார்கள். அவர்களுடைய ஈசிஜியில் இரண்டு பி அலைகள், அதாவது மேலறையின் துடிப்பைக் காட்டும் சின்ன மேடுகள், தெரியும். ஒன்று புது இதயத்தினுடையது. மற்றது பழைய துண்டினுடையது. அதற்கு நரம்பு அப்படியே இருக்கிறது. நடந்தால் அது உடனே துடிப்பைக் கூட்டும், ஆனால் அந்தக் கட்டளை தையல் தழும்பைத் தாண்டாது. பக்கத்திலேயே இருந்தும் எட்டாத அந்தச் சின்ன அலையைக் காட்டினால் போதும், நோயாளிக்கு விஷயம் விளங்கிவிடும்.

நாடி ஏறும்வரை புது இதயம் எப்படிச் சமாளிக்கிறது? காலை அசைக்கும்போது கெண்டைத் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வந்து நிரம்பும் ரத்தத்தின் அளவுக்கு ஏற்ப இதயம் அழுத்தமாகச் சுருங்குகிறது. அதனால் எடுத்த எடுப்பில் வேகமாக நடக்கக் கூடாது. முதல் 5 முதல் 10 நிமிடம் மெல்ல நடக்க வேண்டும், பிறகு வேகம் கூட்டலாம். முடிக்கும்போதும் 10 நிமிடம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ட்ரெட்மில்லைச் சட்டென்று நிறுத்தி நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலை சுற்றிக் கீழே விழ நேரும்.

உச்ச நாடியைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. கைக்கடிகாரம் நாடியை வைத்துக் காட்டும் வண்ணப் பட்டையையும் முதல் வருடத்தில் நம்பாதீர்கள். போர்க் அளவுகோலில், அதாவது உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று நீங்களே 6 முதல் 20 வரை போடும் கணக்கில், 12 முதல் 14 வரை போதும். மூச்சு வாங்கினாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு நடுவில் அறுந்தால் வேகம் அதிகம்.

பயிற்சி செய்யாமல் விட்டால் பலருடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு, அதே வயது ஆரோக்கியமானவரின் 50 முதல் 70 சதவீதத்திலேயே நின்றுவிடுகிறது. பழியை எல்லாம் இதயத்தின் மேல் போடுகிறோம். என் கருத்தில், மாதங்கள் போகப் போகப் பாதிக்கு மேல் குற்றம் காலுடையது. மாற்றுக்கு முன்பே இதயச் செயலிழப்பில் தசை கரைந்துபோயிருக்கும். அதன்மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சேரும்போது தொடையும் இடுப்பும்தான் முதலில் தளரும். சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் அதுதான் அடையாளம். எனவே வாக்கிங் மட்டும் போதாது. கை வைக்காத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். 8 முறை, 2 நிமிட ஓய்வு, மறுபடி 8. எழும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. சுலபமானதும் மூன்றாவது சுற்று. லாஸ் ஏஞ்சல்ஸில் 27 பேரை வைத்துச் செய்து 1999இல் வெளியான ஆய்வில், 6 மாதம் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு 49 சதவீதம் கூடியது. வீட்டில் எழுதிக் கொடுத்ததைச் செய்தவர்களுக்கு 18 சதவீதம்தான்.

ஸ்டீராய்டு எலும்பையும் அரிக்கிறது, முதுகெலும்பை முதலில். ஃபுளோரிடாவில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு இழந்த எலும்பு அடர்த்தி ஏறக்குறையத் திரும்பியது; செய்யாதவர்களுக்குத் திரும்பவில்லை. ஆனால் அவசரம் கூடாது. அறுவைக்காகப் பிளந்த மார்பெலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடத்தையோ கேஸ் சிலிண்டரையோ பேரக்குழந்தையையோ தூக்கக் கூடாது. மார்பின் நடுவே 'கிளிக்' என்று சத்தம் வந்தால் கைப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதங்கள் போனால் சிலருக்கு நரம்பு ஓரளவு திரும்ப முளைக்கிறது, நாடியும் முன்னைவிடச் சீக்கிரம் ஏறுகிறது. நிலையாக இருப்பவர்களுக்கு 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் மெதுவாக, நான்கு சுற்று என்ற பயிற்சியும் பலன் தருகிறது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் அறுவைக்குப்பின் சில மாதங்களிலேயே இப்படித் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மிதமான பயிற்சியைவிட முன்னேற்றம் அதிகம். மருத்துவமனை மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

நெஞ்சுவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. வலியைச் சொல்லும் நரம்பும் அறுந்துதான் இருக்கிறது. புது இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கினாலும் பெரும்பாலோருக்கு வலி தெரியாது. மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, கால் வீக்கம், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுவது, 100.4 டிகிரி காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் அன்று பயிற்சி கிடையாது, மாற்று அறுவை செய்த மருத்துவக் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். இதயத் தசையில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி நாளும் ஓய்வு நாள்தான். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைப் புதிதாகத் தொடங்கினாலும் நடைத் திறன் குறையும், அதையும் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தூரம், எடுத்த நிமிடம், போர்க் எண், முடிந்து இரண்டு நிமிடம் கழித்து நாடி. 12 நிமிடத்தில் போய்வந்த அதே தெருக்கோடிக்கு இப்போது 15 நிமிடம் ஆகிறது, இரண்டு நாளாக அப்படியே இருக்கிறது என்றால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அன்றே டாக்டருக்கு அனுப்புங்கள்.