50 சென்ட் காய்கறி: பறிப்பு நிற்காமல் இருக்க

50 சென்ட் முழுக்க ஒரே நாளில் தக்காளி நட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதைதான். வட்டாரமே அதே பட்டத்தில் நட்டிருக்கும். எல்லார் தோட்டத்திலும் ஒன்றாகப் பழுத்து, மண்டி விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாமல், கடைசியில் ஆடு மேய விடுவார்கள். சின்ன நிலத்துக்கு வாரா வாரம் ஏதாவது ஒரு காய் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நிலத்தை 10 சென்ட் வீதம் ஐந்தாகப் பிரியுங்கள். ஒன்றில் வெண்டை, ஒன்றில் கத்தரி, ஒன்றில் பந்தல் போட்டுப் பீர்க்கு அல்லது பாகல், ஒன்றில் கொத்தவரை. ஐந்தாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பந்தலில் கொடி ஏறிப் படரும்வரை கீழே வெயில் சும்மாதான் விழுகிறது. முளைக்கீரை தூவினால் 25 நாளில் பிடுங்கிவிடலாம்.

வெண்டையை 45 செ.மீ.க்கு 30 செ.மீ. இடைவெளியில், பாதிப் பாதியாக ஊன்றுங்கள்: இன்று 5 சென்ட், ஒரு மாதம் கழித்து மீதி. 45 நாளில் காய்ப்புக்கு வரும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் காய் நார் ஏறிவிடும்; செடியும் விதை முற்றவைக்கப் போய்ப் புதுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். பறிக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் வெண்டையைக் குறைத்துக் கொத்தவரையைக் கூட்டுங்கள். கூலிக்கு ஆள் வைத்து 5 சென்ட் வெண்டை பறிப்பது கட்டுப்படியாகாது.

கத்தரியில் தலைவலி, தண்டையும் காயையும் குடையும் துளைப்பான் புழுதான். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்தே வாடித் தொங்கும் குருத்துகளைப் புழுவோடு கிள்ளி எரிக்க வேண்டும். கிள்ளி வரப்பில் போட்டால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 20 கிராம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள். காலையில் அடித்தால் வெயிலில் வீரியம் போய்விடும். காய்ப்பு ஓய்ந்த செடியை 'இன்னும் நாலு காய் வருமே' என்று விட்டுவைப்பவர்கள், அடுத்த நடவுக்கும் சேர்த்தே புழு வளர்க்கிறார்கள்.

பயிர் சுழற்சியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பது தெரியும். அதனால் கத்தரிக்குப் பின் வெண்டை போடுகிறார்கள். ஆனால் மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு வெண்டையும் விருந்துதான். செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், முண்டு முண்டாக இருந்தால் அதுதான். ஐந்தாவது 10 சென்ட் இதற்காகத்தான்: பசுந்தாள் உரப் பயிரான சணப்பை விதை ஒன்றரைக் கிலோ தூவி, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். இல்லையென்றால் செண்டுமல்லி நடுங்கள். நூற்புழுவும் குறையும், ஆடியில் நட்டால் ஆயுத பூஜைக்குப் பூவும் விற்கும். சும்மா கிடப்பதாகத் தோன்றும் இந்தத் துண்டில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். ஒவ்வொரு பயிர் முடிவிலும் இந்தச் சணப்பையோ செண்டுமல்லியோ அடுத்த துண்டுக்கு நகர வேண்டும்.

விற்பனைக்கு, தினம் 15, 20 கிலோ கலவையாக வரும் காய்க்கு மண்டி ஒத்துவராது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இந்த அளவுக்கென்றே அமைந்தது: கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே கிடைக்கும். அங்கே விற்கத் தேவையான விவசாயி அடையாள அட்டையை விதை ஊன்றும்போதே எடுத்து வையுங்கள்.