நாரா குடாவில் ஓர் இரவு

சென்ற ஆகஸ்டில் கல்லூரித் தோழர்கள் ஐவர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டியுள்ள விட்சண்டே தீவுகளுக்கிடையே இரண்டு பகலும் ஓர் இரவும் பாய்மரப் படகில் சென்றுவந்தோம். பிரிஸ்பேனில் வேலை பார்க்கும் நண்பன், அரைமணிக்கு ஒரு வரியாக நிகழ்ச்சி நிரல் எழுதிக் கைப்பேசியில் வைத்திருந்தான். ஏர்லி பீச் படகுத்துறையில் கேப்டன் அதை முழுவதும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் அன்றைய ஓத அட்டவணையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

அதன் பொருள் ஒரு மணி நேரத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. அங்கே ஏற்ற ஓதம் தெற்கு நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் வீசும் காற்றோ தென்கிழக்கிலிருந்து வருகிறது. இரண்டும் எதிரெதிராக மோதும் நேரத்தில் விட்சண்டே கால்வாயைக் கடந்தால், அலைகள் நீண்டு புரளாமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து படகைக் குத்துகின்றன. நாங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் கடந்தோம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று சொன்னவனே முதலில் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தான். நமக்கு வாடை வடக்கிலிருந்து வரும்; அந்த அரைக்கோளத்தில் குளிரின் திசை தெற்கு என்பதைக் கன்னத்தில் அறைந்த நீர்த்திவலைதான் எனக்குக் கற்பித்தது.

இந்தக் கால்வாய்க்குப் பெயரிட்டவர் ஜேம்ஸ் குக். 1770 ஜூன் 3 அன்று, பெந்தகோஸ்தே ஞாயிறாகிய விட்சண்டே தினத்தில் இவ்வழியே சென்றதாக அவருடைய கப்பல் நாட்குறிப்பு சொல்கிறது. பன்னாட்டுத் தேதிக்கோடு என்ற ஏற்பாடே இல்லாத காலத்தில் மேற்கு நோக்கிப் பயணம் செய்ததால் அவருடைய கணக்கு ஒரு நாள் பின்தங்கியிருந்தது; இன்றைய கணக்கின்படி அன்று திங்கட்கிழமை. தவறான கிழமையின் பெயரில் 74 தீவுகள் இருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிற்பகலில் ஹூக் தீவின் தென்கரையில், மலைகளுக்கிடையே ஆழமாக உள்ளே நீளும் நாரா குடாவில் நங்கூரமிட்டோம். ஓதம் உயர்ந்திருந்ததால் ரப்பர் படகு கரைவரை சென்றது. படிகளில் ஏறினால், இத்தீவுகளின் பூர்வகுடிகளான ங்காரோ மக்கள் வாழ்ந்த பாறைக் குடைவு. உள்ளே காவிநிறத்தில் வலைப்பின்னல் போன்ற கோலங்கள். அங்கு மனித வாழ்வின் தடயங்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுடையவை. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. இன்று நாம் தீவுகள் என்று சொல்பவை நிலத்தோடு சேர்ந்திருந்த மலைகளின் உச்சிகள். எங்கள் படகு மிதந்த இடமும் ஒருகாலத்தில் பள்ளத்தாக்காகவே இருந்தது.

இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நங்கூரமிடும்போது, அப்போதுள்ள ஆழத்தை மட்டும் பாராமல் இரவின் உயர்ந்த ஓதத்தையும் கணக்கிட்டு, அதைப்போலப் பல மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விட்டிருந்தார் கேப்டன். அந்தச் சங்கிலி அடித்தரையில் உரசும் ஒலி படகின் உடல் வழியே தலையணைவரை கேட்டது. மேல்தளத்துக்கு வந்தேன். ஊரில் தென்வானில் பாதி உயரத்துக்குச் சற்று மேலே தெரியும் கேட்டை நட்சத்திரம், இங்கே மாலையில் ஏறக்குறைய உச்சியில் நின்றது; ஐந்தாம் பிறை மறைந்த பின் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. காற்று மலைமுகட்டைத் தாண்டி அவ்வப்போது வீச்சாக இறங்கியது. படகு சற்றே திரும்பியது. வானம் முழுவதும் பாய்மரத்தைச் சுற்றி நகர்ந்து, மீண்டும் வந்தது. நங்கூரம் இழுபடுகிறதோ என்று அஞ்சி, கரையிலிருந்த ஒரு பாறையின் கருநிழலையும் தொலைவிலிருந்த வேறொரு படகின் விளக்கையும் அடையாளமாக வைத்து அரைமணிக்கொரு முறை பார்த்துக்கொண்டேன். காலையில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, இழுபட்டால் கூவும் கருவி தன் படுக்கையருகே இருப்பதாகக் கேப்டன் சொன்னார்.

விடியுமுன் கிளம்பி, விட்சண்டே தீவின் டங் விரிகுடாவை எட்டு மணியளவில் அடைந்தோம். இங்கே சிக்கல் வேறு விதமானது. மேட்டிலிருந்து பார்க்கும் ஹில் இன்லெட் கழிமுகம், நீர் வற்றும்போதுதான் வெண்மணலும் நீலமுமாகக் குழைந்து அழகாகத் தெரியும். ஆனால் நீர் மிகவும் வற்றிவிட்டால், கரையோரப் பவளத்திட்டு மேலே வந்து ரப்பர் படகுக்கு வழியடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம்.

அந்தக் காட்சியை எழுத எனக்கு வரவில்லை. மணல் ஏறக்குறைய முழுவதும் தூய சிலிக்கா, அதை ஒட்டிய வைட்ஹேவன் கடற்கரை 7 கிலோமீட்டர் நீளம் என்ற தகவல்களெல்லாம் அந்த வெண்மைக்குமுன் உதவவில்லை. நாங்கள் படம் எடுத்து முடிக்காதபோதே, நீர் இறங்குகிறது, கிளம்பலாம் என்று எங்களை விரட்டியது கேப்டன் அல்லர், பிரிஸ்பேன் நண்பன். அவன் சட்டைப்பையிலிருந்து ஓத அட்டவணை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளத் திரும்பி வந்தபோது, முந்தைய நாள் பிரிக்காத புளியோதரையை ஐவரும் அமைதியாக உண்டோம்.