பட்டை ஏற்றும் நாள்

அப்பா மாட்டுவண்டி செய்யும் ஆசாரி. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் பட்டறை இருந்தது. நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது சக்கரம்தான். தொழிலில் பாதியைப் பொன்மலையில் கற்றுக்கொண்டேன். பக்தி என்றால் எப்படியிருக்கும் என்பதை அப்பாவிடம் மட்டும்தான் பார்த்தேன்.

வண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம். அதில் அறைந்து இறக்கிய பன்னிரண்டு ஆரக்கால்கள். அவற்றின் தலையில் விளிம்பாக வளைந்து சேரும் ஆறு மரத்துண்டுகள், அதாவது வட்டைகள், வட்டைக்கு இரண்டு கால் வீதம். இவ்வளவும் மரத்தோடு மரம் பொருத்தும் வேலை. ஆனால் நெல் மூட்டையோடு வாய்க்கால் கரையில் வண்டி இறங்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது வெளியே சுற்றியிருக்கும் இரும்புப் பட்டைதான். அப்பா சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளப்பார். பட்டையின் உள்சுற்று அதைவிட ஒரு விரல் அகலம் குறைவாக இருக்க வேண்டும். அப்புறம் பட்டையைத் தரையில் படுக்கவைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவோம். சூட்டில் இரும்பு நீளும். ஐந்தடிச் சக்கரத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 480 சென்டிமீட்டர். 400 டிகிரி சூடேறினால் பட்டை இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நீளும். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அப்பாவின் விரலை நினைத்துக்கொண்டேன்.

பட்டையைத் தூக்குவதற்கு முன் "தாயே காமாட்சி" என்று ஒரே ஒரு தடவை சொல்வார். அதன்பிறகு யாரும் பேசக்கூடாது. நாலு பேர் குறடால் பிடித்துத் தூக்கி, சக்கரத்தின் மேல் இறக்கி, சுற்றிச் சுற்றிச் சம்மட்டியால் தட்டி உட்காரவைப்போம். வட்டை கருகிப் புகை கிளம்பும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகச் சக்கரக் குடத்துக்குள் இறுகும் சத்தம் சடசடவென்று கேட்கும். எந்தக் காலாவது சத்தம் கொடுக்கவில்லை என்றால் அவருக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் பூசை வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணி ஊத்தினதுக்கு அப்புறம் கும்பிட்டு என்ன ஆகப்போகுது தம்பி? அதுக்கு முன்னாடி கும்பிடணும். அதுக்கும் முன்னாடி ஒழுங்கா அளக்கணும்" என்றார்.

அமாவாசை அன்று ஆசாரி வீடுகளில் உளியைத் தொட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாத் தச்சர்களுக்கும் அதுதான் லீவு நாள். முதல் நாள் சாயங்காலமே அப்பா இழைப்புளி, வாய்ச்சி, துரப்பணம் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் தடவி மூலையில் வைத்துவிடுவார். அறுவடைக் காலத்தில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றாலும் மாற்றம் கிடையாது. அப்படி ஒரு தை அமாவாசையில், ஆரக்கால் முறிந்த வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஒரு விவசாயி ஓடிவந்தார். வண்டியில் முழுக்க நெல். மழை வரும்போல இருந்தது.

"ஆசாரி, ஒரே ஒரு கால்தான். நீங்க வந்து கைவச்சாப் போதும்."

"இன்னிக்குக் கைவைக்க முடியாதுங்க" என்ற அப்பா, பட்டறைக்குள் போய் வேறொருவருக்காகச் செய்துவைத்திருந்த புதுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். மூட்டைகளை இறக்கி, அந்தச் சக்கரத்தை மாட்டி, மூட்டைகளைத் திரும்ப ஏற்றி, களத்துமேடு வரைக்கும் அப்பாவும் பின்னால் நின்று தள்ளினார். உளி எடுக்கவில்லை, சுத்தியலும் எடுக்கவில்லை. கடையாணியைக்கூட அந்த விவசாயிதான் தட்டினார். நியமத்தைக் காரணம் காட்டி ஆளைத் திருப்பி அனுப்புகிறவர்களையும் ஆளுக்காக நியமத்தை விட்டுவிடுகிறவர்களையும் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் விடாதவர் என்று எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். புதுச் சக்கரத்துக்குச் சொந்தக்காரரிடம் மறுநாள் காலையில் அவரே போய் விஷயத்தைச் சொன்னார்.

பங்குனியில் திருவாரூர் ஆழித் தேருக்குத் தவறாமல் போவார். அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை என்பார்கள். ஜனம் முழுக்க "ஆரூரா, தியாகேசா" என்று மேலே பார்த்துக் கும்பிடும்போது, அப்பா கீழே சக்கரத்தையும் முட்டுக்கட்டை போடுகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும், வீதி முனையில் தேரைத் திருப்புவதற்குக் கட்டை வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சக்கரத்தடியில் செருகுகிற ஆட்களைக் கண்டால் அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது. கதவும் நிலையும் செய்து பிழைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு அவரைப் பொன்மலைக்கு அழைத்துப் போனேன். அன்றைக்குக் குடும்பத்தினர் பணிமனைக்குள் வரலாம். சக்கரத்தைச் சூடு பண்ணாமலேயே அச்சில் அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸைக் காட்டினேன். அச்சு கொஞ்சம் பெரிசு, துளை கொஞ்சம் சிறிசு, அழுத்தத்தில் இறுகிக்கொள்ளும் என்றேன். "நம்ம கணக்குதான்" என்று தலையாட்டினார். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் சக்கரத்தில் இரும்பு வளையத்தைச் சூடேற்றித்தான் மாட்டுவோம் என்றதும் முகம் மலர்ந்து, அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிரஸ்ஸுக்கு யாரோ சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு அமாவாசை உண்டா தம்பி?"

"ஞாயித்துக்கிழமை நிறுத்திடுவோம்பா. மராமத்து பார்க்கவும் தனியா நாள் உண்டு."

"சரி, அப்ப நல்லா ஓடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மிஷினைப் பார்க்க நடந்தார்.