ஒரு கை பார்த்த கதை

சின்னவன் பிறந்து மனைவி மருத்துவமனையில் இருந்த மூன்று நாளில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டதுதான். ஏழு நாள், நாளுக்கு மூன்று வேளை, ஆக 21 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன சமையல், எத்தனை நிமிடம் ஆகும், என்னென்ன சாமான் வேண்டும் என்று எல்லாம் இருந்தது. காலைக்கு நீலம், மதியத்துக்குப் பச்சை, இரவுக்கு மஞ்சள். பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, வீடு திரும்பியவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நீ படுத்து ரெஸ்ட் எடு. சமையலை நான் ஒரு கை பார்த்துக்கறேன்."

அந்த 'ஒரு கை' அப்படியே எழுத்துக்கு எழுத்து பலிக்கும் என்று அப்போது தெரியாது.

அட்டவணை திங்கட்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும் உயிரோடு இருந்தது. அதில் நான் சேர்க்காமல் விட்ட ஒரு ஆள் இருந்தார். எடை மூன்று கிலோ சொச்சம், கிட்டத்தட்ட ஒரு சின்ன அரிசிப் பை. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி, சில சமயம் அதற்கு மேல். பிறகு தோளில் போட்டு ஏப்பம், பிறகு டயப்பர். இதையெல்லாம் முடித்து நிமிர்ந்தால் அடுத்த பந்திக்கு இலை போடும் நேரம் வந்துவிடும். நடுவில் தூங்குவான். ஆனால் யார் மேலாவது படுத்துத்தான் தூங்குவான். கட்டிலில் போட்டால் முதுகில் முள் குத்திய மாதிரி ஒரு கத்தல்.

நான் போட்டிருந்த கணக்கு, வீட்டில் இரண்டு பெரியவர்கள், நான்கு கை. நிஜக் கணக்கு வேறு. அவளுடைய இரண்டு கையும் பாலூட்டுவதில் போனது. என்னுடையதில் ஒன்று சின்னவனுக்கு. மிச்சமிருந்த ஒன்றையும் ஐந்து வயது பெரியவள், "அப்பா இங்க வாயேன்" என்று அவ்வப்போது பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். 25 நிமிடச் சமையல் என்று கட்டத்தில் எழுதியிருந்தேனே, அது இரண்டு கைக்காரனின் 25 நிமிடம். ஒற்றைக் கைக்காரனுக்கு அது மதியம் தொடங்கிச் சாயங்காலம் முடிகிற வேலை.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு கையால் வெங்காயம் உரித்துப் பாருங்கள். பலகையில் வைத்து அமுக்கினால் உருண்டு ஓடும். இடுப்பால் மேடையோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு நகத்தால் கீறினால், தோலின் மேல் பாதி மட்டும் வரும். குழந்தையைச் சுமந்துகொண்டு கத்தியை எடுக்கக்கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது, ஆகவே கடைசியில் வெங்காயம் இல்லாத ஆம்லெட்டுக்கு இறங்கி வந்தேன். முட்டையை ஒரு கையால் உடைப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, கல்யாணத்துக்கு முன்பு. இப்போது உடைத்ததில் மஞ்சள் கரு மேடையிலும் ஓடு கிண்ணத்திலும் போய் விழுந்தன. சிதறிய ஓட்டுத் துண்டை விரலால் துரத்தினால் வழுக்கிக்கொண்டே போகும். பெரிய ஓட்டின் விளிம்பால் அள்ளினால் சட்டென்று வந்துவிடுகிறது. மூன்று ஆம்லெட் கெட்டபிறகு கிடைத்த ஞானம் இது.

அடுத்தது குக்கர். அன்றைக்குச் சின்னவனைத் தோளில் போட்டு, ஹாலுக்கும் சமையலறைக்குமாக ஒரு மணி நேரம் நடந்து தூங்க வைத்திருந்தேன். அடுப்பில் பருப்பு. தலை தோளில் கனமாகச் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது, 'ஜெயித்துவிட்டோம்' என்று நினைத்தேன். அப்போதுதான் குக்கர் 'உஸ்ஸ்' என்று மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அடுப்புக்கும் எனக்கும் நடுவில் ஆறு எட்டு. ஓடினால் அவன் குலுங்கி எழுந்துவிடுவான், நடந்தால் விசில் முந்திக்கொள்ளும். நான் நடந்தேன். விசில் முந்திக்கொண்டது.

திடுக்கிடும்போது பிறந்த குழந்தைகள் இரண்டு கையையும் விரித்து, மாடியிலிருந்து தவறி விழுகிறவர்கள் மாதிரி ஒரு அபிநயம் பிடிக்கும். மோரோ அனிச்சை என்று பெயர், நான்கைந்து மாதத்தில் தானாகப் போய்விடும். அந்த அபிநயத்தில் அவன் வலது கை என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடி பருப்புக்காக வெட்டி வைத்திருந்த தக்காளிக்குள் போய் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்த அழுகையில் யாருடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, விசில் வர்ற வரைக்கும் ஏன் விட்டீங்க? ஆவி ஏறினதும் சிம்ல வைக்க வேண்டியதுதானே?"

அவள் சொன்னது சரி. விசில் அடிப்பதால் பருப்பு வேகவில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிக் கிட்டத்தட்ட 120 டிகிரி வரைக்கும் சூடாகிறது, அதில்தான் வேகிறது. விசில் என்பது அளவுக்கு மீறின ஆவி வெளியே போகிற சத்தம். வெயிட் ஆடத் தொடங்கும்போதே தணலைக் குறைத்து, விசிலுக்குப் பதில் நிமிடத்தை எண்ணினால் பருப்பும் வேகும், பிள்ளையும் தூங்கும், கேஸும் மிச்சம். இத்தனை வருடமாக விசில் எண்ணியே வளர்ந்தவனுக்கு இது மதம் மாறுகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரம் தோல்வியை ஒப்புக்கொண்டு போனில் சாப்பாடு ஆர்டர் செய்ய ஆரம்பித்தோம். அதில் சமையல் இல்லை, பாத்திரம் இல்லை. ஆனால் கொண்டு வருகிறவர் காலிங் பெல் அடிப்பார். "பெல் அடிக்க வேண்டாம்" என்று குறிப்பு எழுதினேன். அதைப் படித்தவர் பெல்லை விட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் சாப்பாட்டுச் செலவு டயப்பர் செலவைத் தாண்டியிருந்தது. டயப்பர் செலவை ஏதாவது ஒன்று தாண்ட முடியும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

இதே சமயம் ஃப்ரிட்ஜுக்குள் என் அட்டவணைக்காக வாங்கிய காய்கறிகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. புதன் இரவு என்று பெயர் சூட்டப்பட்ட கீரை கறுப்புக் கூழாகப் பையோடு ஒட்டிக்கொண்டது. ஞாயிறு இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை செவ்வாய்க்கிழமை மேடை மூலையிலிருந்து வாசனையால் தன்னை நினைவூட்டியது. மூடியைத் திறந்தால் நுரை. விலை குறைவு என்று வாங்கி, கொட்டிவிட்டு, வெளியே ஆர்டர் செய்தால் மூன்று பங்கு செலவு. இதைச் சிக்கனம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைவி ஒருநாள் பின்னிரவில், சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, அந்த அட்டவணையை எடுத்து வரச் சொன்னாள். திருப்பிப் பின்பக்கத்தில் பெரியவளுடைய கிரேயானால் மூன்று வரி எழுதினாள். இரண்டு கை. ஒரு கை. கையே இல்லை.

"கிழமை எதுக்குங்க? இன்னைக்கு என்ன கிழமைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை.

அன்று முதல் சமையல் கிழமையை விட்டுக் கைக்கு மாறியது. இரண்டு கையும் கிடைக்கிற அபூர்வமான முக்கால் மணியில் முழுச் சமையல் செய்வதில்லை. நறுக்குவது, உரிப்பது, வேகவைப்பது மட்டும்தான். வெங்காயம், கேரட் நறுக்கி டப்பாவில். ஆறேழு முட்டை அவித்து, உரிக்காமல் ஃப்ரிட்ஜில். (கொஞ்சம் பழைய முட்டைதான் அவித்தபிறகு சுலபமாக உரியும். புத்தம் புதுசு ஓட்டோடு பாதி வெள்ளையையும் பிடுங்கிக்கொண்டு வரும்.) கொண்டைக்கடலையை அரைக் கிலோவாக ஒரே தடவையில் ஊறவைத்து வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில். காய்ந்த கடலை ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் போகும், அரைக் கிலோ ஒரு கிலோவுக்கு மேல் ஆகி நிற்கும். ஊறப்போட்டதை மறந்தாலும் பயமில்லை, இப்போது ஊறவைப்பதே ஃப்ரிட்ஜுக்குள்தான்.

ஒரு கை மட்டும் இருந்தால், டப்பாக்களை ஒரே சட்டியில் கவிழ்த்துக் கிளறுவது. கையே இல்லாதபோது, இருப்பதைச் சூடாக்கிச் சாப்பிடுவது.

சாப்பிடுவதற்கும் கைக்கணக்கு உண்டு என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். நான் ஆசையாகச் செய்து கொடுத்த சூப்பை அவள் ஒரு நாளும் சூடாகக் குடிக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கொதிக்கிற கிண்ணத்தை எப்படித் தூக்குவது? ஆகவே உருட்டின சோறு, சுருட்டின ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். பாலூட்டுகிற தாய்க்கு நாளுக்குச் சுமார் 400 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். சாதாரணமாக அது இன்னொரு வேளைச் சாப்பாடு. என் 21 கட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு அவளுக்கு வரும் பசியை வைத்துப் பார்த்தால் தனியாக ஒரு வண்ணமே ஒதுக்கியிருக்க வேண்டும். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் பழமும் தண்ணீரும் நிரந்தரக் குடித்தனம். ஒருநாள் காலையில் சின்னவனைக் குளிப்பாட்டும்போது அவன் உச்சந்தலை முடியில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. எந்த வேளையுடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சொதப்பல் நிற்கவில்லை. உருளைக்கிழங்கு போட்ட குழம்பை ஃப்ரீசரில் வைத்தேன். கரைத்தபிறகு கிழங்கு பஞ்சு மாதிரி நசநசத்தது. டப்பாவில் பெயர் எழுத மறந்தேன். உறைந்தபின் உலகத்தில் எல்லாமே ஒரே மாதிரி கட்டிதான். பரங்கிக்காய் சூப் என்று நினைத்து ஒன்றைச் சூடாக்கி, பூண்டு, உப்பு, மிளகுத்தூள் எல்லாம் போட்டுப் பரிமாறினேன். மாம்பழக் கூழ். நாங்கள் இருவரும் முதல் கரண்டியிலேயே அமைதியானோம். பெரியவள் மட்டும் இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள். இன்றைக்கும் "அந்த சூப் எப்பப்பா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சோறு விஷயத்தில் மட்டும் நான் விளையாடுவதில்லை. அரிசி வெந்தபிறகும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் பிழைத்திருக்கும். சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுவேன். மறுநாள் என்பது இப்படி விதியாகிவிட்டதால், ஒரு மதியம் பெரியவள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இன்னைக்கும் நேத்துதானா?"

குழந்தையைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஏதாவது உதவி வேணும்னா கூச்சப்படாமக் கேளுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் கூச்சப்பட்டு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் கையால் டீ போட்டுக் கொடுப்போம். ஒருநாள் மனைவி கூச்சத்தை விட்டாள். "வரும்போது ஒரு டப்பா சாப்பாடு கொண்டு வந்தீங்கன்னா போதும்." அந்த அக்கா சந்தோஷமாகக் கொண்டு வந்தார். வீட்டில் ஏற்கெனவே அவனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் பதினான்கு இருக்கின்றன. யார் எதைக் கொடுத்தார்கள் என்று ஒன்றும் நினைவில்லை. அந்த டப்பாவின் மூடி என்ன நிறம் என்பது நினைவிருக்கிறது.

போன வாரம் ஒரு சாயங்காலம், சின்னவன் கட்டிலிலேயே தூங்கினான். தானாக. யார் மேலும் படுக்காமல். எனக்கு இரண்டு கையும் சும்மா இருந்தது. சமையலறைக்குப் போய் உலை வைத்தேன். அவள் வந்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, எதுக்கு ஆடிக்கிட்டே நிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். அடுப்பு முன்னால் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தேன். அரிசிப் பை என் இடது தோளில் இருந்தது. வலது கை அதன் முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் பின்னாலிருந்து பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பம் விட்டுச்சாப்பா?"