பல் மட்டும் தங்குவது ஏன்?

அரிசியில் கல் அரிப்பதைக் கவனியுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டினால் அரிசி தண்ணீரோடு நழுவும். கல் அடியில் தங்கும். எலி, தவளை, ஓணான் எலும்புகளை ஆறு பிரிப்பதும் அப்படித்தான். பழைய ஆற்று மண்ணடுக்குகளில் சில இடங்களில் பல் மட்டுமே கிடைப்பது அதனால்தான்.

1969-இல் வூர்ஹீஸ் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் ஆட்டு எலும்புகளையும் கொயோட்டி (அமெரிக்க ஓநாய் இனம்) எலும்புகளையும் ஓடும் நீரில் போட்டுப் பார்த்தார். விலாவும் முதுகெலும்புக் கண்ணிகளும் முதலில் கிளம்பின. மண்டையும் தாடையும் கடைசிவரை நின்றன. சுண்டெலி, தவளை எலும்புகளுக்கோ மெதுவான ஓட்டமே போதும் என்று 1973-இல் டாட்சன் என்ற இன்னோர் ஆய்வாளர் காட்டினார்.

பல் வேறு ரகம். பல்லின் மேல்பூச்சான எனாமலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.9 கிராமை ஒட்டியது, மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்கு 2.65. அதனால் பல் ஏறக்குறைய தன் பருமனுள்ள மணலோடு படியும். துளைகள் நிறைந்த முதுகெலும்போ தன்னைவிடப் பொடியான மணலோடு போய்ச் சேரும். ஓர் அடுக்கில் பல்லாகவே கிடைத்தால், எந்தப் பிராணி அதிகம் வாழ்ந்தது என்று எண்ணத் தொடங்காதீர்கள். முதலில் மண்ணைப் பாருங்கள். பருமணலும் களி உருண்டைகளும் கலந்திருந்தால், ஆறு பழைய கரையை அரித்துச் சேர்த்த குவியலாக இருக்கலாம். வெவ்வேறு காலத்துப் பற்கள் அதில் கலந்திருக்கும். மெல்லிய விலாக்கூட முறியாமல் களிமண்ணில் கிடந்தால், பிராணி அருகிலேயே செத்திருக்கும், அல்லது ஆந்தை செரிக்காமல் கக்கிய எலும்பு உருண்டை அங்கே விழுந்திருக்கும்.

மதுரையைச் சுற்றியுள்ள சார்னோகைட், நைஸ் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தில் உருவானவை, அவற்றில் எலும்புப் படிவம் கிடைக்காது. அதற்கு அரியலூர்ப் பக்கம் கல்லமேடு போக வேண்டும். ட்ரூடான் குடும்பத்தைச் சேர்ந்த, பறவை போன்ற சிறிய டைனோசருடையது என்று 2013-இல் அறிவிக்கப்பட்ட பல் அங்கே கிடைத்ததுதான். ஆனால் தேடிப் பழகிக்கொள்ள வற்றிய கண்மாய் போதும். வரத்துக்கால் வாயில் பருமணல், கரையடியில் கரம்பை என்ற வண்டல் களி. மணலில் கெளுத்தியின் ரம்ப முள்ளையும் கெண்டையின் தொண்டைப் பல்லையும் தேடுங்கள். மெல்லிய முட்களைக் கரம்பையில் தேடுங்கள்.

பத்து கிலோ கரம்பையை வெயிலில் இரண்டு மூன்று நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் போடுங்கள். காய்ந்த கட்டி நீரை உறிஞ்சித் தானே உதிரும். ஈரக் கட்டி நாள் கணக்கில் ஊறினாலும் கரையாது, கையால் பிசைந்தால் எலும்புதான் நொறுங்கும். மேலே 2 மி.மீ., கீழே 0.5 மி.மீ. சல்லடை வைத்து, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல ஆட்டுங்கள். குழாயை நேராகப் பீய்ச்ச வேண்டாம். 1 மி.மீ. சல்லடையோடு நிறுத்தினால் மூஞ்சூறின் பொடிப் பற்கள் ஓடிவிடும். அந்த இழப்பு ஆறு செய்ததா, நாம் செய்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் சல்லடைக் கண் அளவை எழுதுங்கள்.